அம்மா கொடுத்தனுப்பிய குக்கர் சூடாகவில்லை: ஒற்றை ஆள் சமையலுக்கு என்னென்ன சாமான் வேண்டும்?

ஓசூர்_புதுவரவு | ஜூன் 8, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூர் வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஒற்றை அறை, ஓரமாக ஒரு சின்ன மேடை, ஒரு குழாய், அவ்வளவுதான். கேஸ் வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினேன். ஊரிலிருந்து கிளம்பும்போதே அம்மா ஒரு பையில் சாமான் கட்டிக் கொடுத்தார்கள்: ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கர், இரண்டு எவர்சில்வர் பாத்திரம், ஒரு குழிக்கரண்டி, அப்புறம் வெள்ளையாக, கனமாக ஒரு சொம்பு. ராத்திரி முழுக்க பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நேற்று முதன்முதலாக அரிசி போட்டுக் குக்கரை ஏற்றினால், அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. அந்தச் சொம்பை வைத்தாலும் அதே கதைதான். பிரெட் தின்றுவிட்டுப் படுத்தேன். பக்கத்து அறை நண்பனிடம் ஒரு சின்ன கேஸ் அடுப்பு இருக்கிறது. நாளைக்கு அதில் சொம்பை வெறுமனே வைத்து, சூடாகிறதா என்று பார்க்கப் போகிறேன்.

கேள்வி இதுதான்: ஒரு ஆள் சமைத்துச் சாப்பிட உண்மையில் என்னென்ன வேண்டும்? எது எதற்கு? கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது. சோறு, குழம்பு, தோசை, ஒரு பொரியல். இதற்கு மேல் ஆசை இல்லை.

அடுக்களை_அக்கா | ஜூன் 8, இரவு 9.17

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அந்தச் சொம்பை வெறுமனே கேஸ் அடுப்பில் வைத்துவிடாதே! அது ஈயச் சொம்பு. உருகி ஓடிவிடும். நண்பனிடம் இப்போதே சொல்லிவை.

உலோகம்_படித்தவன் | ஜூன் 8, இரவு 9.52

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெள்ளீயம் உருகுவதற்கு 232 டிகிரி போதும். கேஸ் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பின் சூடு நூறை ஒட்டியே நிற்கும், அதனால் ஒன்றும் ஆகாது. வெறும் சொம்பை வைத்தால் சில நிமிடத்தில் அடி குழைந்து ஓட்டையாகிவிடும். எங்கள் வீட்டில் என் அத்தை ரசத்தைக் கீழே இறக்காமல் கோலம் போடப் போய், வற்றியதும் சொம்பு பாதியாகிப் பர்னர்மேல் வெள்ளிக் கட்டிபோல் உறைந்து கிடந்தது. அந்தக் கட்டியை இன்னமும் வைத்திருக்கிறோம்.

ஒரு விதத்தில் உங்கள் இண்டக்‌ஷன்தான் உங்கள் சொம்பைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த அடுப்பில் தீ கிடையாது. கண்ணாடிக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது, அது காந்தப்புலத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை மாற்றிக்கொண்டே இருக்கும். மேலே இரும்புச் சத்துள்ள அடி இருந்தால் அந்த அடியே சூடாகும். அலுமினியம், பித்தளை, செம்பு, ஈயம் எதுவும் அதற்குப் பிடிபடாது. வாங்கப் போகும்போது பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பாத்திரத்தின் அடியில் கெட்டியாக ஒட்டினால் வாங்கலாம். எவர்சில்வரில் காந்தம் ஒட்டாவிட்டால் மட்டமான சரக்கு என்று கடையில் சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். நல்ல 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. அதனால்தான் இண்டக்‌ஷனுக்கான பாத்திரத்தில் அடியில் தனியாகக் காந்தம் பிடிக்கும் தகடு வைத்து ஒட்டுகிறார்கள்.

வெறும்சட்டி | ஜூன் 8, இரவு 10.05

ஈயம் விஷம் இல்லையா? பெயின்டில், பெட்ரோலில் ஈயம் கூடாது என்று தடை போட்டுவிட்டு அதிலேயே ரசம் வைத்துக் குடிப்பதா?

உலோகம்_படித்தவன் | ஜூன் 8, இரவு 10.31

பேர் செய்யும் குழப்பம் இது. தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்றுதான் வழக்கம். பெயின்டில் இருந்தது காரீயம், அது விஷம், அதில் சந்தேகமே இல்லை. ரசச் சொம்பு வெள்ளீயம், அது வேறு தனிமம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே நவச்சாரம் தூவி, துணியால் தேய்த்துத் தேய்த்துப் பூசுவார்களே, அதுவும் வெள்ளீயம்தான். புளி பட்டுப் பித்தளையில் களிம்பு ஏறாமல் இருக்கத்தான் அந்தப் பூச்சு. ‘ஈயம் பூசலையோ’ என்று தெருவில் கூவிக்கொண்டு வருபவரை இப்போது எங்கள் பக்கம் பார்க்க முடிவதில்லை.

ஆனால் வெறும்சட்டி கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. விலை குறையக் காரீயம் கலந்த சொம்பு விற்பவர்கள் உண்டு. வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் பென்சில்போல் சாம்பல் கோடு விழுந்தால் அது காரீயத்தின் குணம். கோடு விழவில்லை என்பதற்காகக் கலப்படமே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. பாட்டி காலத்துச் சொம்பாக இருந்தாலும், எங்கே வாங்கியது என்று தெரியாவிட்டால் பரிசோதனைக்கூடத்தில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. சந்தேகம் இருந்தால் அலமாரியில் அழகுக்கு வையுங்கள், அடுப்பில் வைக்காதீர்கள்.

ஓசூர்_புதுவரவு | ஜூன் 9, காலை 7.20

அம்மாவிடம் போன் போட்டுக் கேட்டேன். ஆச்சிக்குக் கல்யாணத்தில் சீராக வந்த சொம்பாம். ‘உருக்கிட்டேன்னு மட்டும் சொல்லிராதல’ என்றார்கள். ஆபீசுக்குப் பக்கத்தில் கூட வேலை பார்ப்பவரின் அண்ணன் உலோகப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறார். சனிக்கிழமை கொடுத்துப் பார்க்கிறேன். இப்போது மற்ற சாமானைச் சொல்லுங்கள். காந்தம் எடுத்து வைத்துவிட்டேன்.

அடுக்களை_அக்கா | ஜூன் 9, பகல் 2.40

சொல்கிறேன், பேப்பரில் எழுதிக்கொள். செட்டாக மட்டும் எதுவும் வாங்காதே. பதினாறு சாமான் பெட்டியில் நாலுதான் உபயோகப்படும், மீதி பன்னிரண்டும் மேடையை அடைக்கும்.

முதலில் குக்கர். மூன்று லிட்டர், இண்டக்‌ஷன் அடி வைத்தது, ஐ.எஸ்.ஐ முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்க வேண்டும். அடுக்குப் பாத்திரம் இரண்டு உள்ளே போகிறதா என்று கடையிலேயே வைத்துப் பார். கீழே பருப்பு, மேலே சோறு, ஒரே நேரத்தில் முடிந்துவிடும்.

அடுத்து வாணலி. தட்டை அடி உள்ள இரும்பு வாணலி ஒன்று. பொரியல், வதக்கல், தாளிப்பு, அப்பளம் எல்லாம் அதில்தான். கையில் தூக்கிப் பார்த்தால் கனக்க வேண்டும். மெல்லிசு வாணலியில் தீ படுகிற இடம் கருகும், ஓரத்தில் இருப்பது பச்சையாகக் கிடக்கும். வெங்காயம் வதக்கும்போது நடுவில் ஒரு வட்டம் மட்டும் கறுத்தால் வாணலிதான் காரணம், உன் கை இல்லை. ஆனால் புளிக்குழம்பை இரும்பில் வைத்து அப்படியே விட்டுவிடாதே. கறுத்துப்போய் இரும்பு வாடை அடிக்கும். அதற்குத்தான் எவர்சில்வர்ப் பாத்திரம், அல்லது கல்சட்டி, மண்சட்டி. அந்தச் சட்டி இரண்டும் உன் அடுப்பில் சூடேறாது என்பதால் இப்போதைக்கு மறந்துவிடு.

தாளிப்புக் கரண்டி என்று சின்னதாக நீளப் பிடி வைத்து விற்பார்கள். உனக்கு அது வீண். அடி சின்னதாக இருந்தால் இண்டக்‌ஷன் பாத்திரமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். வாணலியில் தாளித்து அதிலேயே சாம்பாரை ஒரு கரண்டி ஊற்றி அலசி, பாத்திரத்தில் சேர்த்துவிடு. சாப்பாட்டுக்கும் அதுதான் ருசி, பாத்திரம் தேய்க்கும் வேலையும் மிச்சம்.

கரண்டி. குழிக்கரண்டி உன்னிடம் இருக்கிறது, குழம்புக்கு அது போதும். தட்டையான நுனி உள்ள ஒன்று வேண்டும், வாணலி அடியைச் சுரண்டிக் கிளற. தோசைத் திருப்பி ஒன்று, விளிம்பு மெல்லிசாக. பூரி, வடை போடும் நாள் வரும்போது ஜல்லிக்கரண்டி வாங்கிக்கொள்ளலாம். சோறு எடுக்க அன்னக்கரண்டி. பருப்பு கடைய மத்து. மத்து இல்லாவிட்டால் குழிக்கரண்டியின் பின்பக்கத்தால் மசித்துக்கொள், ஒன்றும் குறையாது.

எல்லோரும் மறப்பது இடுக்கி. கொதிக்கிற பாத்திரத்தை ஈரத்துணியால் பிடித்துக் கையைச் சுட்டுக்கொள்வதுதான் தனியாகச் சமைக்கிற பையன்களின் முதல் காயம். ஈரத்துணியில் சூடு சட்டென்று ஏறிவிடும். துணியால்தான் பிடிப்பேன் என்றால் காய்ந்த துணியாக நாலாக மடித்துப் பிடி. இடுக்கி வாங்கும்போது கடையிலேயே தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைக் கவ்வித் தூக்கிக் காட்டச் சொல். வழுக்குகிற இடுக்கி இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

கத்தி ஒன்று, பலகை ஒன்று. அரிசி களைய அகலமான பாத்திரம் ஒன்று. உப்பு, மிளகாய்த்தூள், கடுகு, உளுந்து, மஞ்சள் போட அஞ்சறைப்பெட்டி. டீ குடிப்பாயா? அப்படியானால் பால் காய்ச்ச ஒரு சின்னப் பாத்திரமும் வடிகட்டியும்.

வெறும்சட்டி | ஜூன் 9, பகல் 2.58

ஒரு ஆளுக்கு நாலு கரண்டியா? நான் ஆறு வருடம் ஒரே ஸ்பூனில் சமைத்தேன், அதிலேயே சாப்பிட்டேன், அதிலேயே டப்பாவைத் திறந்தேன்.

அடுக்களை_அக்கா | ஜூன் 9, பகல் 3.02

பேரிலேயே தெரிகிறதே அப்பா.

கோவைக்_கல்லு | ஜூன் 9, மாலை 6.15

கிரைண்டரை யாருமே சொல்லவில்லையே! தோசை வேண்டும் என்று தம்பி எழுதியிருக்கிறார். 1955லேயே கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சார ஈர அரவைக் கல்லைச் செய்துவிட்டார். இன்றைக்குக் கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. மேசை மேல் வைக்கிற சின்ன கிரைண்டர்கள் வந்துவிட்டன. கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடாகாது, உளுந்து பஞ்சுபோல் பொங்கி வரும். மிக்சியில் பிளேடு நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் சுற்று சுற்றுகிறது. உளுந்து வெந்த மாதிரி ஆகிவிடும். இட்லி கல்லாகத்தான் வரும்.

அடுக்களை_அக்கா | ஜூன் 9, மாலை 6.40

கோவை அண்ணா, அவன் இருக்கிற மேடையில் கிரைண்டர் வைத்தால் அவன் எங்கே நிற்பான்? ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ஒரு லிட்டர் மாவு. அதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மிக்சி மட்டும் ஒன்று இருக்கட்டும், சட்னிக்கும் மசாலாவுக்கும். என்றைக்காவது மிக்சியில் மாவரைத்தே ஆக வேண்டும் என்றால் உளுந்தைப் பிரிட்ஜில் ஊறவைத்து, ஐஸ் தண்ணீர் விட்டு, விட்டு விட்டு அரைக்கச் சொல்லுங்கள். இட்லி சுமார்தான். தோசை அருமையாக வரும்.

கோவைக்_கல்லு | ஜூன் 9, மாலை 6.44

கடை மாவா? சரி, அவர் வயிறு அவர் இஷ்டம்.

மிக்சி_மாட்டிக்கொண்டவன் | ஜூன் 9, இரவு 8.30

கிரைண்டர் சண்டையில் நான் இல்லை. எங்கள் வீட்டில் 2011 திட்டத்தில் அரசு கொடுத்த கிரைண்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மிக்சி பற்றி ஒரு சொந்தக் கதை மட்டும்.

கல்யாணமான புதிதில் ஜாடி நிறையத் தேங்காயைத் திணித்து, தண்ணீரே விடாமல் மூன்றாம் வேகத்தில் சுற்றினேன். நின்றுபோனது. மோட்டார் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். நாளை வாருங்கள் என்றார்கள். மறுநாள் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஓடுகிற மிக்சியைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி நின்றது. அப்போதுதான் கவிழ்த்துப் பார்த்தேன்: அடியில் சிவப்பாக ஒரு பொத்தான். பாரம் அதிகமானால் அது துள்ளி வெளியே வந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டு உள்ளே அழுத்தினால் திரும்ப ஓடும். முந்நூறு ரூபாய்க்கு அவர்கள் செய்தது அந்த ஒரு அழுத்தல்தான் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

மோட்டாருக்கும் ஜாடிக்கும் நடுவே இருக்கிற கறுப்பு கப்ளர் தேய்ந்தால், மோட்டார் சத்தம் கேட்கும், பிளேடு சுற்றாது. அது சின்னச் சாமான், தனியாகக் கிடைக்கும். அதற்காகப் புது மிக்சி வாங்கிவிடாதீர்கள்.

யாழ்_அடுப்படி | ஜூன் 10, காலை 6.05

தம்பிக்கு வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எழுதியதில் பாதி பெயர் எங்களுக்கு வேறு. வாணலியை நாங்கள் தாச்சி என்போம். உங்கள் முறம் எங்கள் சுளகு. கரண்டி வருவதற்கு முன்னம் சிரட்டையில் துளை போட்டுக் காம்பு செருகிய அகப்பைதான் குசினியில் தொங்கும், அம்மம்மா வீட்டில் இன்றும் தொங்குகிறது. சட்டியைச் சுரண்டாது, கையும் சுடாது. உங்கள் தாச்சிக்குப் பக்கத்தில் ஒன்று வைத்துப் பாருங்கோ.

பிட்டு அவிக்க எங்களிடம் நீத்துப்பெட்டி இருக்கு. பனையோலையில் கூம்பாக இழைத்தது. கொதிக்கிற பானை வாயில் அதைச் செருகிவிட்டால் ஆவி ஓலைக்குள்ளால் ஏறும். நீர்த்துளியை ஓலை இழுத்துக்கொள்ளும், மா களியாகாது. உலோகக் குழலில் அந்தச் சுகம் இல்லை, இது என் கட்சி.

ஒரு ஆளுக்கு நீத்துப்பெட்டியும் வேண்டாம். தேங்காய்ச் சிரட்டையின் கண்ணில் துளை இருக்கிறதுதானே. உட்புறத்தைச் சுரண்டிக் கழுவி, மாவும் தேங்காய்ப்பூவுமாக நிரப்பி மூடிவிட்டு, குக்கர் மூடியில் வெயிட் எடுத்த குழலின்மேல் அந்தக் கண்ணைப் பொருத்துங்கோ. ஐந்து நிமிடத்தில் ஒரு ஆள் பிட்டு.

ஓசூர்_புதுவரவு | ஜூன் 10, காலை 7.00

அக்கா, எங்கள் ஊரிலும் சிரட்டை என்றுதான் சொல்வோம்! இங்கே கடையில் சிரட்டை என்றால் முழிக்கிறார்கள். குக்கர் வாங்கிவிட்டேன். எதற்கு எத்தனை விசில் என்று யாராவது ஒரு பட்டியல் கொடுங்கள்.

விசில்_எண்ணாதவர் | ஜூன் 10, காலை 9.25

பட்டியல் வேண்டாம். விசில் என்பது கடிகாரம் இல்லை. உள்ளே அழுத்தம் கூடி வெயிட்டைத் தூக்கும்போது வருகிற சத்தம், அவ்வளவுதான். அடுப்பைக் கூட்டி வைத்தால் நாலு நிமிடத்தில் ஐந்து விசில் வரும், குறைத்து வைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்றுகூட வராது. வேக வைப்பது விசில் அல்ல, உள்ளே இருக்கிற சூடு. அழுத்தம் முழுசாக ஏறினால் தண்ணீர் 120 டிகிரி பக்கம் போய்த்தான் கொதிக்கும். முதல் விசில் வந்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டு நிமிடக் கணக்குப் பாருங்கள். ஊறிய துவரம்பருப்புக்கு ஏழெட்டு நிமிடம். அழுத்தம் தானாக இறங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள்.

நீங்கள் இருப்பது ஓசூர் என்பதால் இன்னொன்று. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பருப்பு மசியாது. அதனால் உங்கள் ஊரைவிட அங்கே குக்கருக்கு வேலை அதிகம். குளிரும் ஊர் என்பதால் மாவு புளிக்கவும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

தினமும் செய்ய வேண்டிய ஒன்றே ஒன்று: மூடும் முன் மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வெயிட் உட்காரும் குழலின் துளை வழியாகப் பாருங்கள். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும். பருப்பு நுரை ஏறி அதில் ஒட்டிக் காய்ந்தால் ஆவி போக வழி இருக்காது. நான் பார்க்காமல் மூடிய ஒரு நாள், பக்கவாட்டில் இருக்கிற சேஃப்டி வால்வு உருகி, பருப்பு முழுவதும் கூரைக்குப் போனது. வால்வு வேலை செய்ததால் இன்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வாடகை வீடு, வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுத்தான் காலி செய்தோம். பருப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, உள்பாத்திரத்தில் வைத்து, பாதிக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் நுரை அவ்வளவு ஏறாது.

ஷாக்_அடித்தவன் | ஜூன் 10, பகல் 1.15

பாத்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பிளக்கைப் பாருங்கள். 2000 வாட் அடுப்பு என்றால் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர் இழுக்கும். போன் சார்ஜர் மாட்டுகிற 6 ஆம்பியர் பிளக்கிலோ, நீட்டிப் பெட்டியிலோ மாட்டினால் சூடேறும். என் பேச்சிலர் நாட்களில் அப்படித்தான் நீட்டிப் பெட்டி இளகி, கட்டிலோடு ஒட்டிக்கொண்டது. பெரிய துளை உள்ள 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும்.

ஓசூர்_புதுவரவு | ஜூன் 10, பகல் 1.30

நீட்டிப் பெட்டியில்தான் மாட்டியிருந்தேன். கழற்றிவிட்டேன். ஏ.சி.க்கு வைத்திருந்த பிளக் ஒன்று சும்மா இருக்கிறது, மேடையை அந்தப் பக்கம் மாற்றிக்கொள்கிறேன். தோசைக்கல் இரும்பா, நான்ஸ்டிக்கா?

கல்லிடைத்_தோசை | ஜூன் 10, இரவு 9.05

இரும்பு. ஆனால் வாங்கிய அன்றைக்கே சுட முடியாது, கல்லைப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் முதல் தோசை கல்லோடு கல்லாக ஒட்டி, நீ நான்ஸ்டிக் கடைக்குப் போய்விடுவாய்.

கடையிலிருந்து வரும்போது துரு பிடிக்காமல் இருக்க ஒரு எண்ணெய் பூசியிருப்பார்கள், சாப்பிடும் எண்ணெய் இல்லை. சோப்பும் கம்பி நாரும் போட்டு, தண்ணீர் கறுப்பாக வருவது நிற்கும்வரை தேய். ஒரு ராத்திரி அரிசி கழுநீரில் போட்டுவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். காலையில் கழுவி உடனே துடைத்து, அடுப்பில் வைத்து ஈரத்தை முழுசாகப் போக்கு. பிறகு நல்லெண்ணெயை ஒரே ஒரு சொட்டு விட்டுத் துணியால் பூசு, பூசியதையே மறுபடி துடைத்தும் எடுத்துவிடு. கல் பார்வைக்குக் காய்ந்த மாதிரி இருக்க வேண்டும். இப்போது மெல்லப் புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடு. இதையே நாலைந்து முறை. எண்ணெய் அந்தச் சூட்டில் இறுகிப் படலமாக ஒட்டிக்கொள்ளும், அந்தப் படலம்தான் தோசையைக் கழற்றித் தருகிறது. எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் படலம் வராது, பிசின் வரும். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சுடும்போது பாதி வெங்காயத்தைக் கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, கல் முழுக்கத் தேய். தண்ணீர் தெளித்தால் துளிகள் ஓடி மறைய வேண்டும். மாவு விட்டதும் பரவாமல் உருண்டு கரண்டியோடு வந்தால் கல் மிஞ்சிச் சூடாகிவிட்டது, தண்ணீர் தெளித்து இறக்கு. அந்தக் கல்லில் சப்பாத்தி போடாதே. மாவுத்தூள் கருகி, வறட்டுச் சூட்டில் படலம் போய்விடும். சப்பாத்திக்கு வேறு கல்.

வெறும்சட்டி | ஜூன் 10, இரவு 9.30

நாலு முறை பூசி நாலு முறை துடைக்க வேண்டுமா! எட்டரை மணிக்கு ஆபீஸ் விட்டு வருகிறவனிடம் சொல்கிற வேலையா இது? நான்ஸ்டிக் வாங்கிக்கொள்ளுங்கள் நண்பரே. மரக்கரண்டி போடுங்கள், கம்பி நார் தொடாதீர்கள், இரண்டு மூன்று வருடம் ஓடும்.

உலோகம்_படித்தவன் | ஜூன் 10, இரவு 10.10

ஓடும். வெறும் கல்லைச் சூடேற்றிவிட்டுப் போன் பேசப் போகாதவரை ஓடும். அந்தப் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் சிதைய ஆரம்பிக்கும், இன்னும் ஏறினால் புகை விடும். கூண்டில் கிளி வளர்ப்பவர்கள் வீட்டில் இது விளையாட்டே இல்லை, பறவைகள் அந்தப் புகையில் செத்துப்போகும். முழு வேகத்தில் வைத்த இண்டக்‌ஷனில் வெறும் கல் அந்தச் சூட்டை எட்டச் சில நிமிடம் போதும்.

இரும்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இண்டக்‌ஷனில் சுருள் இருக்கும் வளையம் மட்டும் முதலில் சூடாகும். தோசையில் நடுவில் வளையமாகச் சிவந்து, ஓரம் வெளுத்து இருந்தால் அதுதான் காரணம். குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் கூட்டினால் மெல்லிய கல் நெளிந்துவிடும், வார்ப்பிரும்பு விரிசல்கூட விடலாம்.

அளந்து_போடுபவர் | ஜூன் 11, காலை 8.00

ஒரு சின்ன விஷயம். ‘ஒரு கப்’ என்று சமையல் குறிப்பில் படித்துவிட்டுக் கிடைத்த டம்ளரில் அளக்காதீர்கள். ரைஸ் குக்கரோடு வருகிற கப் 180 மில்லி. ஆங்கிலக் குறிப்புகளில் வருவது 240 பக்கம். நம் ஆழாக்கு 168. எட்டு ஆழாக்கு ஒரு படி. எதில் அரிசி அளந்தீர்களோ அதிலேயே தண்ணீரையும் அளந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம்.

யாழ்_அடுப்படி | ஜூன் 11, காலை 8.20

நாங்கள் விரல்தான். அரிசிக்கு மேலே ஒரு விரல் கணு தண்ணீர்.

அளந்து_போடுபவர் | ஜூன் 11, காலை 8.22

யாருடைய விரல், அக்கா?

ஓசூர்_புதுவரவு | ஜூலை 5, இரவு 10.40

ஒரு மாதம் ஆகப்போகிறது, கணக்கு ஒப்பிக்க வந்தேன்.

குக்கர், இரும்பு வாணலி, தோசைக்கல், கத்தி, பலகை, தட்டைக்கரண்டி, திருப்பி, இடுக்கி, அஞ்சறைப்பெட்டி வாங்கினேன். அக்கா சொன்னபடி கடையில் இடுக்கியால் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், மூன்றாவது இடுக்கிதான் தேறியது. மிக்சி சம்பளம் வந்ததும். மாவு கடையில் வாங்குகிறேன், கோவை அண்ணா மன்னிக்கவும்.

கல்லை நாலு நாள் பழக்கினேன். முதல் தோசை கந்தல். இரண்டாவது பாதி வந்தது. ஐந்தாவது தானாக ஓரம் தூக்கிக்கொண்டு வந்தபோது, அறையில் யாரும் இல்லாததால் வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். போன ஞாயிறு நண்பன் எனக்குத் தெரியாமல் அதில் சப்பாத்தி போட்டுவிட்டான். மறுபடி முதலிலிருந்து.

அம்மாவின் அலுமினியக் குக்கரில் இப்போது அரிசி கொட்டி வைத்திருக்கிறேன். நாலு கிலோ சரியாகக் கொள்கிறது, மூடி இருப்பதால் எறும்பு வருவதில்லை.

சொம்பில் காரீயம் கண்டுகொள்ளும் அளவுக்கு இல்லை என்று பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். கீழே வீட்டுக்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, அவர்கள் கேஸ் அடுப்பில் வைத்துத் தரச் சொன்னேன். முதலில் புளித்தண்ணீரை ஊற்றினேன், பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன், தீயைச் சொம்பின் அடியைத் தாண்டாமல் சின்னதாக வைத்தேன். பருப்புத்தண்ணீர் விட்டு நுரை கூடியதும் இறக்கிவிட்டேன். மேலே வந்து வாணலியில் நெய்யில் கடுகு, சீரகம் தாளித்துக் கொட்டினேன். ஆச்சி வீட்டு வாசனை.

அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், ரசத்தைச் சாறு என்பார்கள். ஒரு டம்ளர் குடித்துப் பார்த்துவிட்டு, ‘இந்தச் சொம்புல எங்க வீட்டுச் சாறு ஒரு தடவ பண்ணிப் பாக்கணும், ரெண்டு நாள் வெச்சிட்டுத் தரேன்’ என்கிறார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கொடுக்கலாமா?

அடுக்களை_அக்கா | ஜூலை 5, இரவு 10.52

தாராளமாகக் கொடு. தண்ணீர் ஊற்றியே கொடு.